முகத்தில் மெல்ல ஊதினால்

கைக்குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதினால் அது அழுகையை நிறுத்திவிடும். நீங்களும் ஊதிப் பார்த்திருப்பீர்கள், மேடம். கண்ணைச் சிமிட்டும், மூச்சை ஒரு கணம் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், எதற்காக அழுதோம் என்பதே அதற்கு மறந்துபோகும். எனக்கு அந்த ஒரு கணம் போதும். அதற்குள் ஊசியை ஏற்றிவிடுவேன்.

“சரி, நீங்க போகலாம்” என்று நீங்கள் சொல்லி, நானும் கதவு வரை போய், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கு நான் பொய் எதுவும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் யாராவது இருமிக் கேட்டிருக்கிறீர்களா என்றீர்கள், இல்லை என்றேன். மற்ற நர்ஸுகளும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் நன்றாக இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருமல் மிட்டாய் வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம்கூட நிறையாத ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் எங்கிருந்து வந்து உயிரைக் கொண்டுபோனது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பதிலும் ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே குழந்தையின் சித்தப்பா, அவரைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கினால் விசாரணையை முடித்துவிடலாம். அவர் மறுக்கப்போவதில்லை. தன்னால்தான் குழந்தை போனது என்று அவரே நம்புகிறார்.

நான் கதவைத் திறந்தபோது அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, வராந்தாவின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வேறு ஏதோ வேலையாக வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பக்கம் உட்காரப் போனாள். “கிட்ட வராதீங்கம்மா, எனக்கு இருமல்” என்று அவளிடம் சொன்னார். மரத்தூள் இருமல் அது, மேடம். தச்சுப் பட்டறையில் இழைத்துத் தேய்க்கிற வேலை. வருஷக்கணக்காக இருமுகிறார், அதனால் ஓர் ஈ காக்கைக்கும் கெடுதல் வந்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் படியிறங்க முடியவில்லை. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் டாக்டரம்மா குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு வகைச் செல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களை உட்காரவைத்து அதைப் பாடமாக எடுத்தார், தன் டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல். உடம்புக்குள் சண்டைக்காரச் செல்கள் இருக்கின்றன; கிருமி வந்தால் பாய்ந்துவிடும். அவற்றின் தோளில் கைவைத்து ‘போதும் விடு’ என்று விலக்கிவிடும் செல்களும் இருக்கின்றன. அடக்கும் செல்கள் என்பார் டாக்டரம்மா. பிறந்த குழந்தையிடம் அவற்றின் கை ஓங்கியிருக்கும். வயிற்றுக்குள் இருந்த வரைக்கும் அப்படித்தானே இருந்தாக வேண்டும்? தாயின் உடம்பு குழந்தைக்குப் பாதி அந்நியம். அங்கே வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் சட்டென்று விட்டுப்போவதில்லை.

இப்போது கக்குவானுக்குத் தடுப்பூசி போடுகிறோம். அது என்ன செய்கிறது? சண்டைக்காரச் செல்களுக்கு எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைக்கிறது. சில குழந்தைகளின் செல்கள் அந்த முகத்தைக் கெட்டியாக மனதில் வைத்துக்கொள்கின்றன. சில குழந்தைகளிடம் அடக்கும் செல்கள் குறுக்கே விழுந்து ‘ஒன்றுமில்லை, படு’ என்று தூங்கவைத்துவிடுகின்றனவோ என்பது டாக்டரம்மாவின் சந்தேகம். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குழந்தைக்கும் தடுப்பூசிக்கு முன் கொஞ்சம், பின் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். முன்னால் எடுப்பது தவறிவிட்டால் அந்தக் குழந்தை ஆய்வுக்கு உதவாது. ஊசி போட்டாகிவிட்டால் அப்புறம் ‘முன்’ ஏது?

எனக்கு அந்தச் செல்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு. உப்பு கொஞ்சம் கூடினாலும் அடுத்த தெரு வரை கேட்கும். சத்தம் எழும்போதெல்லாம் நடுவில் போய் நின்றவள் நான்தான். ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்ற இரண்டு வார்த்தையை வைத்தே அந்தக் குடும்பத்தை இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். அடக்கமான பெண் என்று எனக்குப் பெயர். அடக்கும் செல் என்று டாக்டரம்மா சொன்னதும், அட, இது நம்ம ஆள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். “அடக்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு. அது மிஞ்சிப் போச்சுன்னா, நோய் வாசல்ல வந்து நின்னாலும் உடம்பு வாயைத் திறக்காது.” நான் தலையாட்டினேன். அந்த அளவு எந்த இடத்தில் மிஞ்சுகிறது என்பதுதான் அவருக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

என் வேலை ரத்தம் எடுப்பது. கைக்குழந்தையின் நரம்பு நூல் மாதிரி இருக்கும், அதுவும் கொழுகொழுவென்ற குழந்தையாக இருந்தால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். ரப்பர் பட்டையை இறுக்காமல் கட்டுவேன். ஊதுவேன். ஒரே குத்து, முடிந்தது. மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்க்க, தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் அழுவார்கள். தாய்மார்கள் எனக்குப் ‘பஞ்சுக்கை’ என்று பெயர் வைத்தார்கள். பஞ்சுக்கை சிஸ்டர் வருவாங்களா என்று கேட்டுத்தான் பல பேர் ஆய்வுக்கே சம்மதித்தார்கள். “நீங்க இல்லேன்னா இந்த வேலையே நடக்காது” என்று டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார். சும்மா போகிறபோக்கில் சொன்னதுதான். என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. தடுப்பூசிக் கூடத்தில் காத்திருக்கும் தாய்மார்களுக்குக் கக்குவான் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டுவேன். விடாமல் இருமி, மூச்சு தீர்ந்து, கடைசியில் ‘ஊ...ப்’ என்று காற்றை உள்ளே இழுக்கிற அந்தச் சத்தத்தை அச்சு அசலாகச் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். குழந்தைகள்கூட வேடிக்கை பார்க்கும். நாடகத்துக்குப் போக வேண்டியவள் ஊசியைப் பிடித்துவிட்டேன் என்று கேலி செய்வார்கள். சிரித்து முடித்ததும் கடைசி வரியைச் சொல்வேன்: பச்சைக் குழந்தைக்கு இந்த நோய் வந்தால் இப்படிச் சத்தமெல்லாம் வராது, இருமலே இருக்காது, மூச்சு மட்டும் நின்று நின்று போகும், அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதைச் சொன்னதும் தாய்மார்கள் குனிந்து மடியில் இருக்கும் பிள்ளையின் மூச்சைப் பார்ப்பார்கள்.

எனக்கு முதலில் சாதாரணச் சளிதான். அப்புறம் இருமல் நின்றபாடில்லை. ஒரு நாள் காலையில் குளியலறையில் இருமத் தொடங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன், கண் இருட்டியது, வாந்தி வந்தது. அதன் முடிவில் அந்தச் சத்தம் வந்தது. நான் நடிக்கவில்லை, அதுவாகவே வந்தது. “காலையிலேயே ஒத்திகையா?” என்று என் கணவர் வெளியிலிருந்து சிரித்தார். ஆமாம் என்றேன்.

எங்களுக்கு விதிமுறை உண்டு. இருமல் வந்தால் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிப்பார்கள், மாத்திரை தருவார்கள், அதை முடிக்கும் வரை எந்தக் குழந்தைப் பக்கமும் போகக் கூடாது. சில நாள் விஷயம், பெரிய தண்டனையெல்லாம் இல்லை. பிறகு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லாத வரைக்கும் அது வெறும் இருமல், மேடம். மாத்திரையை விழுங்கினால் அது கக்குவான் ஆகிவிடும். கூடத்தில் அத்தனை தாய்மார்களுக்கும் நடித்துக் காட்டியவளுக்கே கக்குவான் என்றால் என்ன பேசுவார்கள்? அப்புறம் பஞ்சுக்கையிடம் யார் பிள்ளையை நீட்டுவார்கள்?

அந்த வாரத்தில்தான் அந்தக் குழந்தையின் முறை வந்தது. வீட்டில் அவனுக்குக் ‘கொட்டாவி’ என்று பெயர், பிறந்ததிலிருந்து ஊரே தனக்குச் சலித்துப்போன மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பான் என்பதால். எங்கள் குழுவில் இன்னொருத்தி முந்தின நாள் போய், குத்திக் குத்தி ஒரு சொட்டும் வராமல் திரும்பியிருந்தாள். தாய் கோபத்தில் கொதித்துவிட்டாள். பஞ்சுக்கை வந்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் ஆய்வும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். மறுநாள் அவனுக்குத் தடுப்பூசி. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். வற்புறுத்தவில்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். என்னால்தான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் இருமல் வரும். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனேன். கடைசித் திருப்பத்தில் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இருமித் தீர்த்துவிட்டு, மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் மணி அடித்தேன். குழந்தை இருக்கிற வீட்டுக்குள் போய் இருமக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன்.

நல்ல குடும்பம். ஒரே அறையில்தான் சமையல், படுக்கை எல்லாம், ஆனால் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். தொட்டில் சித்தப்பா செய்தது. பட்டறையில் மிச்சப்பட்ட கட்டைகளை ஒட்டி இணைத்து, ஒரு சிராய்கூட இல்லாமல் தேய்த்திருந்தார். நான் விரலால் தடவிப் பார்த்தேன், குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. அவர் அப்போது கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு முறை இருமினார். “இருமல் இருக்கறவங்க குழந்தை பக்கத்துல வராதீங்க” என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், வாய் பழகிப்போனது. பாவம், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

மாஸ்க் போட்டிருந்தேனா என்று கேட்கிறீர்கள். போட்டிருந்தேன். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை போட்டிருந்தேன், ஒரே ஒரு கணம் தவிர. மாஸ்க்கோடு ஊத முடியாதே.

கொட்டாவி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். முந்தின நாள் பட்டது ஞாபகம் இருந்ததோ என்னவோ, பட்டையைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டான். தாயின் கண்ணும் நிறைந்துவிட்டது. நான் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, குனிந்து, முகத்தில் மெல்ல ஊதினேன். அவன் கண்ணைச் சிமிட்டி, வாயைத் திறந்து, என் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒரே குத்து. தாய் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். அவ்வளவு நல்ல ரத்த மாதிரி அந்த மாதம் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். இன்னமும் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. ‘முன்’ மட்டும் இருக்கிறது.

அந்த வாரம் நான் போன மற்ற வீடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அங்கிருந்ததெல்லாம் தடுப்பூசி போட்டு முடித்த குழந்தைகள். அங்கேயும் ஊதினேன். ஒருத்திக்கு மட்டும் லேசாகச் சளி பிடித்துத் தேறிவிட்டாள். டாக்டரம்மாவின் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. அவரிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஆனால் எப்படிச் சொல்வது?

ஒரு வாரம் பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொட்டாவியின் தாய் போன் செய்தாள்.

“சிஸ்டர், இவனுக்குச் சளி மாதிரி இருக்கு. இருமலே இல்ல. ஆனா பால் குடிக்கும்போது நடுவுல அப்படியே நின்னுடறான், மூச்சு விடறதே தெரியல. உதடு நீலமாகி அப்புறம் சரியாகுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?”

கையில் பாதி மடித்த போர்வை இருந்தது. அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள், கூடத்தில் நான் சொல்லும் கடைசி வரிதானே அது. அவளும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவள்தான். அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கியவர்கள், தொட்டவர்கள், அவர்களில் யாருக்கு இருமல்? ஒருவர் விடாமல் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு ஆளாகத் தாண்டி என் வாசலுக்கு வந்து நிற்கும். ஒரு நாள் பார்ப்போமே, தானாக அடங்கிவிடக்கூடும் என்று நினைத்தேன். எத்தனையோ விஷயங்கள் அப்படி அடங்கிப்போய் நான் பார்த்திருக்கிறேன்.

“பச்சக் குழந்தைங்க அப்படித்தாம்மா, மூச்சு விட்டு விட்டுத்தான் வரும். ஒண்ணுமில்ல. நின்ன மாதிரி தெரிஞ்சா முகத்துல மெதுவா ஊதுங்க, வந்துடும்.”

“நீங்க சொன்னா சரி சிஸ்டர்” என்றாள். அவள் குரலில் இருந்த பயம் இறங்கியது எனக்குக் கேட்டது. ஒருவரை அமைதிப்படுத்திவிட்டால் நமக்கும் ஒரு நிம்மதி வருமே, அது எனக்கும் வந்தது. போர்வையை மடித்து வைத்தேன்.

மறுநாள், ஊதியும் மூச்சு வராமல் போன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொன்ன மாதிரியே ஊதினேன் சிஸ்டர். விடாம ஊதிக்கிட்டே இருந்தேன்” என்றாள். தான் சரியாக ஊதவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். சரியாகத்தான் செய்தீர்கள், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அன்று அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எனக்கும் அழுகை வந்தது. அதில் நடிப்பு எதுவும் கிடையாது.

குழந்தையின் தகப்பன் முதலில் தடுப்பூசியைத்தான் குறை சொன்னார். ஊசி போட்ட கொஞ்ச நாளில் போய்விட்டதே என்று அவருக்கு. அந்தப் பேச்சு வெளியே பரவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு தாயும் பிள்ளையைக் கூடத்துக்குக் கொண்டுவரமாட்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஊசியால் இந்த நோய் வராது. ஊசி வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதற்குள் கிருமி முந்திக்கொண்டது. இருமல் உள்ள பெரியவர்கள் யாரிடமிருந்தோதான் வந்திருக்கும், அவர்களுக்கு அது கக்குவான் என்றே தெரிந்திருக்காது. எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. தடுப்பூசிக்குக் கெட்ட பெயர் வராமல் காப்பாற்றினேன் என்பதில் எனக்கு இன்றும் திருப்திதான்.

நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் மெல்லத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார்கள். “சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க” என்றாள் தாய்.

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை.

அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் குழுவுக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தார்கள். அப்போது நானும் வரிசையில் நின்று வாங்கி விழுங்கினேன். எல்லோரோடும் சேர்ந்து விழுங்கும்போது அது எதுவாகவும் ஆகிவிடவில்லை. அதன் பிறகுதான் சித்தப்பாவைச் சோதித்தார்கள், கிருமி இல்லை என்று வந்தது. அந்தத் தாய்க்கு நியாயமான மனசு. என்னைக் கூப்பிட்டு, “அப்ப அவர் இல்லையா சிஸ்டர்? நாங்கதான் அநியாயமா பழி போடறமா?” என்று கேட்டாள். மாத்திரை சாப்பிட்ட பிறகு சோதித்தால் யாருக்குமே கிருமி தெரியாது, அதனால் அவர் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அதுவும் உண்மைதான். நீங்கள் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறாராம். தொட்டிலை மாடிப்படி முகப்பில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன், மேலே தூசி படிந்திருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் வாயைத் திறக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். கிடைத்தது. குழந்தையை அடக்கம் செய்த அன்று.

சின்னப் பெட்டி. ஒருவரே கையில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். கூட்டம் அதிகமில்லை. சித்தப்பாவை வரக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். இருந்தும் வந்து, உள்ளே வராமல், கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியை இறக்கும்போது அவருக்கு அழுகை வந்து, அழுகை இருமலாக மாறிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அவரைப் போகச் சொல்லுங்க” என்றாள் தாய், சத்தம் போடாமல். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். இப்போது வராந்தாவில் போனாரே, அதே மாதிரிதான்.

சரியாக அந்த நேரத்தில் எனக்கும் வந்தது. மாத்திரை கிருமியைத்தான் கொல்லும், இருமல் வாரக்கணக்கில் மிச்சம் இருக்கும். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. முடிவில் அந்தச் சத்தம் வருமே, அந்தப் பெரிய இருமல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் பேசியிருக்க வேண்டியதில்லை, மேடம். அதை வரவிட்டிருந்தாலே போதும். அந்தச் சத்தத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான், ஒரு தடவை கேட்டிருந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். சித்தப்பாவும் கேட்டைத் தாண்டிப் போயிருக்கவில்லை, அவர் காதிலும் விழுந்திருக்கும்.

நான் பல்லைக் கடித்தேன். கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். உடம்பு குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிவிட்டார்கள். அந்தத் தாயே வந்து என்னை அணைத்துக்கொண்டு, “உங்க பிள்ளை மாதிரி பார்த்தீங்க சிஸ்டர்” என்றாள். மண்ணைத் தள்ளி, மேடு கட்டி, ஒவ்வொருவராகக் கிளம்பும் வரைக்கும் அதை மேலே வரவிடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கிருமி என்னுடையது. அவன் முகத்தில் ஊதியது நான். கக்குவான் என்று தெரிந்தே ஊதினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவளைப் போக வேண்டாம் என்று நிறுத்தியதும் நான். வெளியே நிற்கிறவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஒன்று மட்டும், மேடம். மற்றவர்கள் என்னைக் கவனமில்லாதவள் என்பார்கள், நெஞ்சழுத்தக்காரி என்பார்கள். என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அவ்வளவு பெரிய இருமலை, அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அத்தனை நேரம் அடக்குவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. என்னால் முடிந்தது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.